அமெரிக்காவில் வாடகைக் கார்: புக்கிங் முதல் சாவியைத் திருப்பித் தரும் வரை

சென்னையிலோ கோவையிலோ வருடக்கணக்கில் கார் ஓட்டியவர் அமெரிக்கா வந்து கார் எடுக்கப் போகிறார் என்றால் அவருக்கு இருக்கும் பெரிய பயம், ரோட்டின் வலது பக்கம் ஓட்ட வேண்டுமே என்பதுதான். அது அரை நாளில் பழகிவிடும். வருகிறவர்கள் நிஜமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு: கவுன்டரில் கார்டை நீட்டும்போது, இன்ஷூரன்ஸ் திரையில் கையெழுத்துப் போடும்போது, ஸ்டாப் போர்டில், இடது பக்கம் திரும்பும்போது, பின்னால் போலீஸ் விளக்கு எரியும்போது. இங்கே அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கலிபோர்னியாவை வைத்து எழுதுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் கார் எடுத்து யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் விடுவதுதான் நம்மவர்கள் அதிகம் போகும் ரூட். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நாடு இது, அந்த வித்தியாசங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்: லைசென்ஸ், பெயர், கார்டு

லைசென்ஸின் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பது நம்மூர் டிராஃபிக் போலீசுக்குப் போதும், இங்கே கவுன்டரில் செல்லாது. லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல கம்பெனிகள் எதிர்பார்க்கும்.

கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பிய சுற்றுலாப் பயணி சொந்த நாட்டு லைசென்ஸிலேயே ஓட்டலாம், சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயமில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டு அட்டையைப் பார்த்தே இராத போலீஸ்காரருக்கு அது வேலையைச் சுலபமாக்கும், சில கவுன்டர்களிலும் கேட்பார்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம், அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் தருகிறது. அது லைசென்ஸுக்குத் துணைதானே தவிர மாற்று இல்லை, அசலை வீட்டில் வைத்துவிட்டு அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் கார் கிடைக்காது.

அடுத்தது பெயர். இது நமக்கென்றே அமைந்த தொல்லை. லைசென்ஸில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராகியிருக்கும், கிரெடிட் கார்டில் வங்கிக்காரர் எது பிடித்ததோ அதைப் போட்டிருப்பார். கவுன்டரில் இருப்பவர் லைசென்ஸையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி புக் செய்யுங்கள், மூன்றையும் சேர்த்து நீட்டுங்கள். கார்டில் இருக்கும் பெயர் அடியோடு வேறாக இருந்தால் கிளம்பும் முன்பே வங்கியில் மாற்றிவிடுவது நல்லது.

கார்டு, யார் பெயரில் புக்கிங்கோ அவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டாக இருக்க வேண்டும். டெபிட் கார்டு என்றால் ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டு, அதைக் காட்டு, இதைக் காட்டு என்று கேள்வி வரும், சில இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். பணம் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டைக் கார் எடுக்கும்போது பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். வாடகைக்கு மேல் 200 டாலரோ அதற்கு அதிகமோ முடக்கி வைப்பதால் லிமிட்டில் இடம் வேண்டும். முக்கியமாக, வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். 2020-க்குப் பிறகு ரிசர்வ் வங்கி விதிப்படி அது மூடியே வரும். கவுன்டரில் நின்றுகொண்டு ஓடிபி வராத சிம்மை வைத்து அதைத் திறக்கப் போராடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

அப்புறம் ஒரு போன் ஸ்டாண்ட் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்திருப்பதே குற்றம், மேப் பார்ப்பதற்குக்கூட.

2. புக்கிங்: தேதி, சைஸ், மொத்த விலை

இறங்கிய அன்றே கார் எடுக்காதீர்கள். சென்னையிலிருந்து இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, தூக்கம் கெட்டு, புதுப் பக்கத்தில், புது காரில், இருட்டில் ஓட்டுவதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. முதல் இரவு டாக்ஸியில் போய்த் தூங்கிவிட்டு மறுநாள் காலை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

கணக்கு 24 மணி நேரத்துக்கு. காலை பத்துக்கு எடுத்து, விடும் நாளில் மதியம் இரண்டுக்கு விட்டால் அந்த நான்கு மணி நேரத்துக்குத் தனியாகப் போடுவார்கள், சில சமயம் முழு நாளாகவே. எடுத்த நேரத்திலேயே விடும்படி புக் செய்யுங்கள்.

திரையில் முதலில் தெரியும் விலையை நம்பாதீர்கள். விமான நிலையக் கட்டணம், மாநில வரி, இன்னும் பெயர் புரியாத இரண்டு மூன்று சேர்ந்து கடைசிப் பக்கத்தில் வருவதுதான் நிஜ விலை. ஊருக்குள் இருக்கும் கிளைகள் மலிவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், வார நாட்களில் மாலையோடு சாத்திவிடுவார்கள். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் உண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அது சில நேரம் ஒன்றுமே இருக்காது. எனவே இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

சைஸ் விஷயத்தில் எல்லாரும் ஆட்களை எண்ணுகிறார்கள், பெட்டிகளை எண்ணுவதில்லை. ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி என்றால் நான்கு பேருக்கு எட்டு. ஏழு சீட் எஸ்யூவியில் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் கைப்பைதான் போகும். குடும்பமாக வந்தால் மினிவேன் எடுங்கள். பார்க்க ஸ்டைலாக இருக்காது, ஆனால் அப்பா அம்மா ஏறி இறங்க அதைவிட வசதியானது இல்லை.

25 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு ஒரு கூடுதல் கட்டணம் உண்டு, 21-க்குக் கீழே என்றால் பெரும்பாலான மாநிலங்களில் காரே தர மாட்டார்கள். குழந்தை இருந்தால் சீட் பற்றியும் இப்போதே முடிவு செய்யுங்கள்: கலிபோர்னியாவில் எட்டு வயது வரை சீட்டோ பூஸ்டரோ கட்டாயம், இரண்டு வயதுக்குக் கீழே பின்பக்கம் பார்த்த சீட். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சே இங்கே இல்லை. பத்து நாளுக்கு வாடகை சீட் எடுக்கும் காசில் கடையில் புதிதாகவே வாங்கிவிடலாம்.

3. இன்ஷூரன்ஸ்: இரண்டே கேள்வி

கவுன்டரில் ஆறேழு பெயரில் விற்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, இந்தக் கார் நசுங்கினால் அல்லது திருடு போனால் யார் தருவது? இரண்டு, நீங்கள் இடித்து அடுத்தவருக்கு அடிபட்டால் யார் தருவது?

முதல் கேள்விக்கு எல்டிடபிள்யூ அல்லது சிடிடபிள்யூ என்று பெயர் இருக்கும். இரண்டாவதற்கு எஸ்எல்ஐ அல்லது எல்ஐஎஸ். நம் ஆட்கள் முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், கார்தானே கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். கார் போனால் ஒரு காரின் விலை, ஆள் அடிபட்டால் அமெரிக்க ஆஸ்பத்திரி பில், அதற்கு மேல் வழக்கு. கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பே ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000 என்றுதான் இருக்கிறது. எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்று போனால் அந்த 30,000 எந்த மூலைக்கு?

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. கம்பெனித் தளத்தில் புக் செய்யும்போது வசிக்கும் நாடு இந்தியா என்று சரியாகப் போடுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று இரண்டும் அடங்கிய பேக்கேஜ் விலை பல கம்பெனிகளில் இருக்கிறது, கவுன்டரில் தனித்தனியாக வாங்குவதைவிட அது நன்றாகக் குறையும். புக்கிங் தாளில் இரண்டும் பெயர் போட்டு இருக்கிறதா என்று பார்த்து பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைத்தரகர் தளங்கள் நாளுக்கு ஏழெட்டு டாலருக்கு முழுப் பாதுகாப்பு என்று ஒன்று விற்கும். பெரும்பாலும் அது, சேதம் ஆனால் முதலில் உங்கள் கார்டிலிருந்து கம்பெனி எடுத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் பேப்பர் அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற வகை. கவுன்டர்காரருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாங்குபவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது அது இல்லை.

இங்கே இருக்கும் மகன், மருமகனின் கார் இன்ஷூரன்ஸ் உங்கள் பெயரில் எடுத்த வாடகைக் காருக்கு வராது. ஊரில் வாங்கிய பயண இன்ஷூரன்ஸ் உங்கள் உடம்புக்கு, காருக்கு அல்ல. வாடகைக் கார் வேண்டாம், மகன் காரையே ஓட்டுகிறேன் என்றால் அவருடைய பாலிசியில் வெளியாள் ஓட்டலாமா என்று அவர் முதலில் கேட்டுவிட வேண்டும்.

4. கவுன்டரில்

சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஏர்டிரெயின் என்ற உள் ரயிலின் நீலத் தடத்தில் ஏறினால் வாடகைக் கார் மையத்திலேயே இறக்கிவிடும். லாஸ் ஏஞ்சலஸில் கம்பெனி ஷட்டில் பார்த்து ஏற வேண்டியிருக்கும்.

இங்கே ஒரே விதி: அவசரப்படாதீர்கள். அந்த ஊழியருக்கு விற்பதும் வேலை. நல்லவராகவே இருப்பார், ஊர் எது, எத்தனை நாள் என்று சிரித்துப் பேசிக்கொண்டே திரையை உங்கள் பக்கம் திருப்பி, இங்கே, இங்கே, இங்கே என்று கையெழுத்துக் கேட்பார். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கட்டணம். கார் அப்கிரேட், ரோட்டில் நின்றால் உதவி, முன்கூட்டியே பெட்ரோல், டோல் பேக்கேஜ் என்று போகும். ஏற்கெனவே பேக்கேஜில் உள்ள இன்ஷூரன்ஸையே திரும்ப விற்றுவிடுவதும் நடக்கும். மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், உங்கள் பிரிண்ட்டில் இருப்பதைவிட அதிகம் என்றால் எந்த வரி என்று கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

பெட்ரோல் பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலியாகத் திருப்பித் தந்தால்தான் லாபம், யாராலும் அப்படிக் கணக்காகக் காலி செய்ய முடியாது. எலெக்ட்ரிக் கார் கொடுத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். யோசெமிட்டி மாதிரி தூரம் போகிறவர்கள், சார்ஜ் போட்டுப் பழக்கமில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம்.

ஸ்டீயரிங்கைத் தொடப் போகிற எல்லாரும் லைசென்ஸோடு கவுன்டருக்கு வந்து ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்க வேண்டும். கணவன் மனைவிக்குப் பல கம்பெனிகள் இதற்குக் காசு வாங்குவதில்லை. பெயர் சேர்க்காத மச்சான் ஓட்டி இடித்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இன்ஷூரன்ஸ் மொத்தமும் செல்லாமல் போகலாம்.

5. கார் நிற்கும் இடத்தில் கால் மணி நேரம்

முதலில் வீடியோ. காரைச் சுற்றி ஒரு நடை, அப்புறம் சக்கரத்தின் விளிம்புகள், முன் கண்ணாடி, கூரை, முன் பம்பரின் அடிப்பக்கம், கடைசியாக உள்ளே பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டருக்குப் பதில் இங்கே இருக்கும் மைல் கணக்கும். இந்த இடங்கள் பல கட்டடத்துக்குள் மங்கலாக இருக்கும், போன் விளக்கைப் போட்டு எடுங்கள். கீறல் இருந்தால் வெளியே போகும் முன் கேட்டில் இருப்பவரிடம் எழுதி வாங்குங்கள், கேட்டைத் தாண்டிவிட்டால் அது உங்கள் கீறல்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஊரில் மாருதியோ ஹூண்டாயோ ஓட்டியவருக்கு இண்டிகேட்டர் வலது கையில் இருக்கும், இங்கே இடது கையில். முதல் நாள் முழுக்கத் திரும்பும் இடங்களில் எல்லாம் வைப்பர் ஓடும், சிரித்துக்கொள்ளுங்கள். கியர் ஆட்டோமேட்டிக்: பி (பார்க்கிங்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்). பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இடது காலை ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், கிளட்ச் என்று நினைத்து அந்தக் கால் பிரேக்கில் இறங்கினால் பின்னால் வருகிறவர் உங்கள் டிக்கியில் இருப்பார்.

சீட், மூன்று கண்ணாடி, ஏசி, பின் கண்ணாடி மூடுபனி நீக்கும் பட்டன், பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் (முள்ளுக்குப் பக்கத்தில் சின்ன அம்பு காட்டும்) எல்லாம் பார்த்த பிறகு மேப்பைப் போட்டு, அப்புறம் கிளம்புங்கள்.

6. முதல் ஒரு மணி நேரம்

சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள் முதலில் போகாதீர்கள். மேடு, டிராம், ஒருவழிப் பாதை எல்லாம் ஒரே நேரத்தில் வரும். விமான நிலையத்திலிருந்து 380-ம் எண் நெடுஞ்சாலை வழியாக 280-ஐப் பிடித்துத் தெற்கே போனால் அகலமான, ஓரளவு அமைதியான சாலை, கை பழக அதைவிட நல்ல இடம் அங்கே கிடையாது.

இரண்டு விஷயம் மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒன்று, மஞ்சள் கோடு எப்போதும் உங்கள் இடது பக்கம். எதிரும் புதிருமாகப் போகும் வண்டிகளைப் பிரிப்பது மஞ்சள், ஒரே திசையில் போவதைப் பிரிப்பது வெள்ளை. இரட்டை மஞ்சள் உங்களுக்கு வலது பக்கம் தெரிந்தால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். இரண்டு, கார் தன்னால் வலது பக்கம் ஒதுங்கும். ஊரில் நீங்கள் உட்கார்ந்திருப்பது வலது சீட், காரின் உடம்பு இடது பக்கம் இருக்கும், இங்கே அது தலைகீழ். பழைய கணக்கிலேயே லேனுக்குள் உட்கார்ந்தால் வலது சக்கரம் கோட்டைத் தாண்டும், பக்கத்துச் சீட்டில் இருப்பவர் கதவைப் பிடித்துக்கொள்வார். அவர் கத்தினால் நம்புங்கள், இடது கோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஓட்டுங்கள்.

தப்பான பக்கம் போவது நெரிசலில் நடக்காது, முன்னால் வண்டி இருக்குமே, பார்த்துப் போய்விடுவீர்கள். அது நடப்பது விடியற்காலையில் ஓட்டல் பார்க்கிங்கிலிருந்து காலி ரோட்டுக்கு வரும்போது. அங்கே ஒரு நொடி நின்று, வலது திருப்பம் சின்னது, இடது திருப்பம் பெரியது என்று சொல்லிக்கொண்டு திரும்புங்கள்.

7. சந்திப்புகள்: இங்கேதான் டிக்கெட் (போலீஸ் அபராதச் சீட்டு), இங்கேதான் விபத்து

ஸ்டாப் என்ற சிவப்பு எண்கோணப் போர்டு இருந்தால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஆள் இல்லை, வண்டி இல்லை, இரவு பதினொரு மணி என்றாலும் சரி. மெதுவாக்கி உருட்டிக்கொண்டு போவதற்குத்தான் டிக்கெட். நான்கு பக்கமும் ஸ்டாப் இருந்தால் முதலில் வந்தவர் முதலில் போவார், இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. நம் பழக்கத்தில் இடைவெளி கிடைத்தால் நுழைவோம், அல்லது பயந்து எல்லாரையும் போகச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டே நிற்போம். இரண்டுமே குழப்பம். உங்கள் முறை வந்தால் போய்விடுங்கள். சிக்னல் கெட்டு விளக்கே எரியாவிட்டாலும் இதே விதிதான்.

சிவப்பில் வலது பக்கம் திரும்பலாம், முழுதாக நின்ற பிறகு, நடப்பவர்களுக்கும் குறுக்கே வருகிறவர்களுக்கும் வழி விட்ட பிறகு. அங்கே திரும்பாதே என்ற போர்டோ சிவப்பு அம்போ இருந்தால் கூடாது. நியூயார்க் நகரத்தில் நேர்மாறு: அனுமதிக்கும் போர்டு இருந்தால் மட்டும்தான் திரும்பலாம்.

இடது திருப்பம்தான் எனக்குத் தெரிந்து புதியவர்களுக்கு மிக ஆபத்தானது. பச்சை அம்பு வந்தால் பிரச்சினை இல்லை, எதிரே எல்லாரும் நின்றிருப்பார்கள். வெறும் வட்டப் பச்சை என்றால் எதிரே நேராக வருகிறவர்களுக்கு நீங்கள் வழி விட வேண்டும், மினுக்கும் மஞ்சள் அம்புக்கும் அதே அர்த்தம். எதிரே வருகிறவர் மெதுவாக்கமாட்டார். அவருக்குப் பச்சை, அவர் உரிமை, மணிக்கு 45 மைலில் வருகிறார், நீங்கள் மூக்கை நீட்டினால் பிரேக் போடுவார் என்ற நம் ஊர்க் கணக்கு அவருக்குத் தெரியாது. இடைவெளி போதுமா என்று சந்தேகம் வந்தால் போதாது என்று அர்த்தம். அதைவிட எளிது, நேராகப் போய் அடுத்த இடத்தில் அம்பு உள்ள சிக்னலில் திரும்புவது, மேப் தன்னால் வழி மாற்றிக்கொள்ளும்.

ஊரில் லைட் அடித்தால் நான் வருகிறேன், ஒதுங்கு என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் நீ போ என்று புரிந்துகொள்வார்கள். இந்த ஒன்றே விபத்துக்குப் போதும், அதனால் லைட் அடிக்கவே வேண்டாம். ஹார்னும் அப்படித்தான், ஆபத்துக்கு மட்டும். நடந்து போகிறவர் கிராஸிங்கில் கால் வைத்தால் நின்றுவிடுங்கள்.

8. ஃப்ரீவே

ஃப்ரீவே என்பது நடுவில் சிக்னலே இல்லாத விரைவுச் சாலை. அதில் நுழையும் சரிவுப் பாதை வேகம் எடுப்பதற்காகவே போட்டது. முடிவதற்குள் அங்கே ஓடும் வேகத்துக்கு வந்துவிட வேண்டும். பாதையின் கடைசியில் போய் நின்றுவிட்டு இடைவெளி தேடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. நின்ற காரை 65 மைல் ஓட்டத்தில் நுழைப்பது லேசல்ல. சில இடங்களில் நெரிசல் நேரத்தில் அந்தப் பாதையிலேயே சிக்னல் இருக்கும், ஒரு பச்சைக்கு ஒரு கார்.

65 மைல் என்பது கிட்டத்தட்ட 105 கிலோமீட்டர். கலிபோர்னியாவில் பெரும்பாலான ஃப்ரீவேக்களில் அதுதான் உச்சவரம்பு, சில இடங்களில் 70. முந்துவதற்கு இடது லேன், முந்திவிட்டால் வலது பக்கம் வந்துவிடுங்கள். லேன் மாற கண்ணாடி மட்டும் போதாது, தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு பார்வை. எக்ஸிட்டைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்புங்கள். ஓரம் நிறுத்துவது, ரிவர்ஸ் எடுப்பது, நாலு லேன் குறுக்கே பாய்வது எல்லாம் உயிரோடு விளையாடுவது.

வைரக் குறி போட்ட இடது லேன் கார்பூல், அதாவது பலர் சேர்ந்து போகும் கார்களுக்கானது. எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று போர்டு சொல்லும், தனியாகப் போனால் குறைந்தபட்ச அபராதமே 490 டாலர். எக்ஸ்பிரஸ் லேன் என்று விலை காட்டுவதில் டோல் கருவி இல்லாமல் நுழையாதீர்கள்.

9. ஸ்கூல் பஸ், ஆம்புலன்ஸ், போலீஸ்

மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸில் சிவப்பு விளக்கு மினுக்கினால் நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இல்லாத சாலை என்றால் எதிர்ப்பக்கம் வருகிறவரும்தான். சைரனோடு வண்டி வந்தால் வலது ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஓரமாக நிற்கும் போலீஸ், ஆம்புலன்ஸ் பக்கத்தில் போகும்போது ஒரு லேன் தள்ளிப் போங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், இது 50 மாநிலங்களிலும் சட்டம்.

உங்கள் பின்னாலேயே விளக்கு எரிந்தால் இண்டிகேட்டர் போட்டு வலது ஓரத்தில் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் நம்மூர் வழக்கம் எதுவும் உதவாது. இறங்கி அவரிடம் நடந்து போகாதீர்கள், மரியாதைக்காகச் செய்வது இங்கே மிரட்டலாகத் தெரியும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்திருங்கள். லைசென்ஸ் பின் பாக்கெட்டில் இருந்தால், எடுக்கட்டுமா என்று சொல்லிவிட்டு எடுங்கள். டிக்கெட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தெரிந்தவர் பெயர் சொல்வதும் காசு நீட்டுவதும் டிக்கெட்டைக் கைதாக மாற்றும். குடித்திருந்தால் ஓட்டவே கூடாது: வரம்பு 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05. திறந்த பாட்டில் ஆட்கள் உட்காரும் பகுதியில் இருப்பதே கலிபோர்னியாவில் குற்றம்.

10. பெட்ரோல் போடுவது

இங்கே கேஸ் என்பார்கள், நீங்களே போட வேண்டும். நியூஜெர்சியில் மட்டும் ஆள் வந்து போடுவார். பம்ப்பில் கார்டைச் செருகினால் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும், நம் கார்டுக்கு அது கிடையாது, ஆறு இலக்க பின் கோடு பொருந்தாது. நேரே கடைக்குள் போய், பம்ப் எண்ணைச் சொல்லி நாற்பது டாலர் என்று கார்டில் கொடுங்கள். குறைவாகப் பிடித்தால் மீதி கார்டுக்கே திரும்பும்.

வாடகைக் காருக்கு ரெகுலர் 87 (பம்ப்பில் போட்டிருக்கும் ஆக்டேன் எண்) போதும். டீசல் கைப்பிடி பல இடங்களில் பச்சை, சில கம்பெனிகளில் பெட்ரோலே பச்சை, ஆகவே நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

11. டோல்

சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிப் பாலங்களில் காசு வாங்கும் ஆளே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். கோல்டன் கேட்டில் நகரத்துக்குள் வரும் பக்கம் மட்டும் டோல். ஒன்றும் செய்யாமல் தாண்டினால் கம்பெனி டோலோடு சேர்த்து ஒரு சேவைக் கட்டணம் போடும், சிலர் டோல் உபயோகித்த நாளுக்கு, சிலர் வாடகை நாள் முழுவதற்கும். கவுன்டரிலேயே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாலம்தான் என்றால் தாண்டும் முன்பே ஃபாஸ்டிராக் என்ற டோல் கட்டும் தளத்தில் பிளேட் எண்ணைப் போட்டு ஒரு முறைக் கட்டணமாகக் கட்டிவிடலாம். ஃப்ளோரிடாவில் ஓர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்கினால் விசிட்டர் டோல் பாஸ் என்று கண்ணாடியில் மாட்டும் அட்டை இலவசமாகத் தருகிறார்கள், டோலை மட்டும் கட்டினால் போதும்.

12. நிறுத்துவது

நடைபாதை விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் நிறுத்தவே கூடாது, மஞ்சள் சரக்கு ஏற்றி இறக்க, வெள்ளை ஆள் ஏற்றி இறக்க, பச்சை கொஞ்ச நேரம், நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. நிறமே இல்லாவிட்டாலும் தீயணைப்புக் குழாய்க்கு 15 அடிக்குள் கூடாது. கம்பத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று போர்டு இருந்தால் மூன்றையும் படிக்க வேண்டும், தெரு பெருக்கும் நாளும் நேரமும் அதில்தான் இருக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவது சட்டம்: இறக்கத்தில் விளிம்பை நோக்கி, ஏற்றத்தில் விளிம்பைவிட்டு விலக்கி. பிரேக் விட்டாலும் கார் விளிம்பில் முட்டி நிற்கும் என்பதுதான் காரணம்.

காரில் எதையும் விட்டுப் போகாதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுப்பது அங்கே சில நொடி வேலை. பார்க்கிங்கில் இறங்கி எல்லார் கண் முன்னாலும் பையை டிக்கியில் வைப்பது, இங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதுதான். முந்தைய நிறுத்தத்திலேயே வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் டிக்கியிலும் வேண்டாம்.

13. யோசெமிட்டி பக்கம் போனால்

மேப்பை வைஃபையில் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் போய்விடும். யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, ஓக்டேலிலோ குரோவ்லாண்டிலோ நிரப்பிவிட்டு ஏறுங்கள். 120-ம் எண் சாலையில் குரோவ்லாண்டுக்கு முன் இரண்டு பாதை பிரியும். ஓல்ட் பிரீஸ்ட் கிரேட் என்ற பழைய பாதை குட்டை, ஆனால் செங்குத்து, மேப் அதைக் காட்டினாலும் புதியது வழியாகவே போங்கள். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது இங்கேதான்.

குளிர்காலத்தில் டயர் சங்கிலி கட்டாயம் என்று அறிவிப்பார்கள், வாடகைக் கம்பெனிகளோ சங்கிலி மாட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நசுங்காமல், மெர்செட் ஊரில் காரை நிறுத்திவிட்டு யோசெமிட்டிக்குப் போகும் யார்ட்ஸ் பஸ்ஸில் போவது உத்தமம். பூங்காவைக் குறுக்கே கடக்கும் டியோகா சாலை பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். மண் ரோட்டில் இறங்கினால் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் செல்லாது, எந்த மாநிலமானாலும்.

14. இடித்துவிட்டால்

யாருக்காவது அடிபட்டிருந்தால் 911 என்ற அவசர எண்ணுக்கு போன். எதிர் ஆளின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் அட்டை, நம்பர் பிளேட் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு உங்களுடையதையும் காட்டுங்கள். அங்கேயே காசு கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று பேசாதீர்கள், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். போலீஸ் வந்தால் ரிப்போர்ட் எண் வாங்குங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனி எண்ணுக்கு அப்போதே போன். கலிபோர்னியாவில் காயமோ 1,000 டாலருக்கு மேல் சேதமோ இருந்தால் பத்து நாளுக்குள் எஸ்ஆர்-1 என்ற படிவத்தை டிஎம்விக்கு (மாநில மோட்டார் வாகனத் துறை) அனுப்ப வேண்டும், பலருக்கு இது தெரியாது.

15. திருப்பித் தருவது

விமானத்துக்குக் கணக்கிடும் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கூட வையுங்கள். விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் பங்க் விலை அதிகம், சில மைல் முன்பே நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் தரையில் இரும்புப் பற்கள் இருக்கும், முன்னால் போகலாம், ஒரு அடி ரிவர்ஸ் எடுத்தாலும் டயர் கிழிந்துவிடும். தப்பான கம்பெனி வரிசையில் நுழைந்துவிட்டால் நேராகப் போய் ஆளைக் கூப்பிடுங்கள்.

எடுத்தபோது செய்த அதே வீடியோவை மறுபடி எடுங்கள், முள்ளும் மைலும் தெரிகிற மாதிரி. சீட்டுக்கு அடியிலும் சார்ஜர் செருகும் இடத்திலும் பார்த்துவிட்டு, போன் ப்ளூடூத்தில் உங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். ஆள் இருந்தால் கடைசி ரசீதைக் கையிலோ ஈமெயிலிலோ வாங்காமல் நகராதீர்கள், சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்குத்தான் பின்னால் வாக்குவாதம்.

டோலும், சான் ஃபிரான்சிஸ்கோ 2025-ல் வைத்த வேகக் கேமராவின் டிக்கெட்டும் ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத்தான் வரும், கம்பெனியின் நிர்வாகக் கட்டணமும் கூடவே சேர்ந்து. கார்டு ஸ்டேட்மென்ட்டை இரண்டு மூன்று மாதம் பாருங்கள். புரியாத தொகை இருந்தால் ஒப்பந்த எண்ணைப் போட்டு, எந்தத் தேதி, எந்தப் பாலம், கட்டணம் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லி ஈமெயில் அனுப்புங்கள். கீறலுக்கு என்று வந்தால் இரண்டு வீடியோவையும் இணையுங்கள்.